பிரிண்டருக்கும் மாமனாருக்கும் ஒரே எண்

ஓட்டல் வரவேற்பு மேசையில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டுப் பல்லிளிப்பதைவிடப் பெரிய பாவம் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அப்படிச் செய்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள்.

வீட்டு வைஃபையும் அவள் ஆட்சியில்தான். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி எண் வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பிரிண்டர், வாசல் கேமரா போன்றவற்றுக்கு நூற்றுக்குக் கீழே அவளே நிலையான எண் கொடுப்பாள். மற்றவற்றுக்கு நூறிலிருந்து இருநூறுக்குள் காலியாக இருப்பதை ரவுட்டரே பார்த்துக் கொடுக்கும்.

"தங்குறவங்களுக்கு ஒரு மாடி, வந்து போறவங்களுக்கு ஒரு மாடி. அவ்வளவுதாங்க" என்று கணவருக்கு விளக்கினாள். கணக்கு வாத்தியாரான அவர் பலமாகத் தலையாட்டினார். ஒன்றும் புரியவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

மாமனார் மூன்று மகன்கள் வீட்டிலும் முறை வைத்துத் தங்குகிறவர். அவர் டேப்லெட்டோடு வந்து இறங்கினால் போதும், பிரிண்டர் படுத்துவிடும். வாத்தியார் தேர்வுத் தாள் அச்சடிக்க முடியாமல் தாம்தூம் என்று குதிப்பார். இந்த முறையும் குதித்தார்.

"அப்பா வந்தாலே இந்த வீட்ல ஒண்ணும் ஓடாது!"

வாய் தவறி வந்ததுதான். ஆனால் கதவருகே மாமனார் நின்றிருந்தார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மனுஷர் போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

"ரெண்டாவது பையன் வீட்டுக்கு இன்னைக்கே கிளம்புறேம்மா. அங்க பிரிண்டர் கிடையாது."

 சாவியக்கா உடனே போனில் ரவுட்டரின் எண் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பிரிண்டர் வாங்கிய அன்று அவசரத்தில் அவள் போட்ட எண் நூற்றைந்து. வந்து போகிறவர்களின் மாடி! பிறகு மாற்றவும் மறந்துவிட்டாள். வீட்டிலிருந்த போனும் லேப்டாப்புமாக ஐந்து கருவிகள் நூறு முதல் நூற்றுநான்கு வரை பிடித்துக்கொள்ள, ஆறாவதாக வருகிறவருக்கு ரவுட்டர் பவ்யமாக நூற்றைந்தை நீட்டியிருக்கிறது. ஆறாவதாக வருகிறவர் எப்போதும் மாமனார்தான். ஒரே அறைக்கு இரண்டு பேர், அதுவும் யார் கையால்? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏங்க, தப்பு என்னோடது. மாமா மேல பழி போட்டுட்டோம்."

பிரிண்டரைப் பத்தாம் எண்ணுக்கு மாற்றினாள். தாள்கள் சரசரவென்று வந்து விழுந்தன. வாத்தியார் தலை நிமிராமல் அவற்றை அடுக்கிக்கொண்டே, "இருங்கப்பா" என்றார்.

அவள் மாமனாரின் டேப்லெட்டை வாங்கி, அதற்கென்று பதினொன்றைப் பதிந்து வைத்தாள்.

"மாமா, இது இனிமே உங்க நம்பர்."

"நான் வந்து போற ஆளாச்சேம்மா. நான் இல்லாதப்போ சும்மாதானே கிடக்கும்?"

"கிடக்கட்டும் மாமா. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

மாமனார் பெட்டியைத் திறந்தார். எந்த மகன் வீட்டிலும் பெட்டியை விட்டு வெளியே வைக்காத சவரச் சாமான்களை எடுத்துப் போய், குளியலறை அலமாரியில் மற்றவர்களின் பிரஷ்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.