கரடி மேல் போட்ட பழி

நான் சந்தேகப்படாத பொருள் மட்டாஞ்சேரியில் இல்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பேன். என் தலையைக் கண்டாலே பால்காரர் முகம் சுளிப்பார். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாராவது ஒருத்தி இப்படி இருக்கத்தான் வேண்டும்.

அந்தச் சந்தேகம் கரடி வரைக்கும் போனது என் கொழுந்தனால். காட்டுவிலங்கு ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வேலை. கரடி முதுகு தேய்த்த மரங்களிலிருந்து முடியை எடுத்துவந்து, அதில் ஈயமும் பாதரசமும் எவ்வளவு என்று பார்ப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாயா குடித்துக்கொண்டே சொன்னான்.

"கரடி கண்டதையும் தின்னும் அண்ணி. மண்ணுல தண்ணியில உள்ள விஷமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அது உடம்புல சேரும். ஈரல்ல சேரும், முடியிலயும் சேரும், கேட்டோ?"

நான் என் மகனைப் பார்த்தேன். கழுத்தில் கிடந்த தாயத்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அதற்குள் இருந்தது கரடி முடி.

கும்பளங்கியில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்கா, கொடுத்த தாயத்து அது. பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுகிறான் என்று கேள்விப்பட்டதும், பாலக்காட்டுத் திருவிழாக் கடை ஒன்றில் முடி வாங்கி, சின்னப் பித்தளைக் குப்பியில் அடைத்து, வாயை அரக்கால் மூடிக் கொண்டுவந்தார். கரடி முடி கட்டினால் பயம் தெளியும் என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக உள்ள நம்பிக்கை. நானும் கட்டிக்கொண்டு வளர்ந்தவள்தான்.

அன்றே கயிற்றை அறுத்தேன். மறுநாள் மகனின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தேன். இருக்கக் கூடாத அளவுக்கு ஈயம் இருந்தது. இது பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"உங்க கரடி என் பிள்ளை ரத்தத்துல விஷம் ஏத்திருச்சு. இனி எங்க வீட்டுப் படி ஏறாதீங்க."

"நல்லதுக்குன்னுதானே கட்டினேன்…" என்று இழுத்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

கொழுந்தன் தாயத்தைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப்போய், நான்கு நாள் கழித்து வந்தான்.

"இது கரடியே இல்ல அண்ணி. பிரஷ் செய்யிற நாருக்குக் கறுப்புச் சாயம் போட்டு வித்திருக்கான். இதுல ஈயம் இல்ல. குப்பி வாயை அடைச்ச இடத்துலதான் ஈயம் இருக்கு. அக்கா அரக்கு வெச்சேன்னுதானே சொல்றா? இதை யாரு பத்தவெச்சது?"

"தெரியலையே" என்றேன்.

தெரியும். அரக்கு உதிர்ந்து, முடி பிள்ளையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று சந்தேகப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் தோப்பும்படியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனவள் நான். படகு எஞ்சினின் ரேடியேட்டருக்கு ஈயம் வைத்து ஒட்டும் பட்டறை அது. எதற்கு என்று கேட்டார் அந்தச் சேட்டன். கரடி முடி வைத்திருப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆள் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று, சாவிக்கொத்தில் மாட்ட என்றேன். பிள்ளை கழுத்துக்கு என்று சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டதோடு நிற்காமல், அது குத்துகிறது என்று அடுத்தவர் மேல் பழியும் போட்டேன்.

அந்த ஒரு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. கணவரிடம் கூட. கோழை என்று என்னைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது சோதனையில் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. அந்தத் தாளோடு, மகனையும் கூட்டிக்கொண்டு கும்பளங்கிக்குப் பஸ் ஏறினேன்.

நாத்தனார் ரொம்ப இளைத்திருந்தார். நான் நீட்டிய தாளை வாங்கவில்லை.

"குறைஞ்சுதா?"

"குறைஞ்சிருக்கு அக்கா."

"அந்த விஷம் நான் வெச்ச அரக்குலதான் இருந்துதா? என் மகளுக்கும் அதேபோலக் கட்டியிருந்தேன். அவளையும் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஒண்ணுமில்ல. நம்ம பிள்ளைக்கு மட்டும் என் கையால எப்படி…"

"அரக்கு இல்ல. அதைச் சுரண்டிட்டு ஈயம் வெச்சு ஒட்டினது நான். எனக்குப் போன மாசமே தெரியும்."

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை.

"அப்போ நான் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல அக்கா."

காதில் விழாதது போல இன்னொரு தடவை கேட்டார்: "நான் இல்லியா?"