லயத்துக்கு வந்த செபமாலை

இன்று முன்னால் போன லொறியிலிருந்து ரப்பர் சீட்டின் புகைவாசம் வந்ததும், கரவனெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் இப்போது இடிந்துபோன எங்கள் லயத்து வரிசை வீடு நினைவுக்கு வந்தது. அந்த வாசம் உடுப்பிலேயே ஒட்டியிருக்க, ஞாயிறுதோறும் மலையிறங்கி மாதா கோயிலுக்குப் போய், சிங்களப் பூசையில் பின்வரிசையில் உட்காருவோம்.

ஒருமுறை கொழும்பில் குண்டு வெடித்தது; அதன்பிறகு தமிழர் என்றாலே கீழே சந்தேகமாகப் பார்த்தார்கள். "கொஞ்ச நாளைக்குக் கோயில் வேணாம், வீட்டுலயே செபம் சொல்லுவோம்" என்றார் அப்பா.

சில வாரங்கள் கழிந்த ஒரு மாலை, கோயிலில் செபமாலை நடத்தும் மாகிரட் அக்கா, சிங்களப் பெண்கள் சிலரோடு மூச்சிரைக்க எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க வாறது இல்ல. அதுதான் நாங்க வந்தது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

அம்மா பாய் விரித்தாள். 'அருள் நிறைந்த மரியே'யின் முன்பாதியை அவர்கள் சிங்களத்தில் சொல்ல, பின்பாதியை நாங்கள் தமிழில் சொன்னோம். இரண்டு மொழியும் ஒரே ராகத்தில் ஏறி இறங்கின. அப்பா மட்டும் கதவோரமாக, உதடு அசையாமல் நின்றார்.

செபம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நடந்து, கீழ்ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார். குண்டு வெடித்த பிறகு பொழுது சாய்ந்தபின் அவர் லயத்தைவிட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.