சண்டை பிடிக்க நேரமில்லாத கிளித்தட்டு

எங்கள் இக்காஸ்ட் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் கிளித்தட்டுப் போட்டிக்கு வெளியூரிலிருந்து வரும் அணி இப்போது ஒன்றுதான், ஒடென்சே. அதன் தலைவர் என் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டுகிறவர். போன கோடையில் படுதோல்விக்குப் பிறகு காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"மச்சான், இன்னொருக்கா இப்பிடி அடி வாங்கினா நாங்கள் வரமாட்டம். உங்கட பெடியள் ஹாண்ட்போல் விளையாடுறவங்கள். எங்கட ஆக்களுக்கு முழங்கால் மடங்கினா நிமிராது."

"வாற முறை பாருங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வராவிட்டால் போட்டியே இல்லை. விதிகளுக்குப் பொறுப்பும் நடுவரும் நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்குக் கை தூக்கவில்லை.

தொழிற்சாலையில் என்னோடு பெட்டி கட்டுகிறவர் வட இங்கிலாந்துக்காரர். மதிய இடைவேளையில் ஒரு கையில் பாணும் மறுகையில் போனுமாக ரக்பி லீக் பார்ப்பார். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு தடவை மடக்கி விழுத்தினால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். விழுந்தவன் மேல் படுத்துக்கிடந்து நேரம் கடத்தினால், முன்பு நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்டனை கொடுப்பாராம். பிறகு தொழில்முறை லீக்குகளில் விதியை மாற்றினார்கள். நிறுத்துவதில்லை. ஆறு என்ற எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குழப்படி செய்கிறவனுக்கு இலாபம் இல்லை.

எனக்கு மண்டைக்குள் வெளிச்சம் வந்தது. அவர் "ஆனால்" என்று ஏதோ தொடங்கினார். இடைவேளை முடிந்திருந்தது, நான் எழும்பிவிட்டேன்.

கிளித்தட்டில் ஒரு பக்கம் குறுக்குக் கோடுகளில் நின்று மறிக்கும். மறிப்பவர்களில் கிளி என்கிறவன் நடுக்கோட்டில் ஓடித் தட்டுவான். மற்றப் பக்கம் தட்டுப்படாமல் கடைசிக் கோடு வரை போய்த் திரும்ப வேண்டும். மறிப்பவனின் கால் கோட்டை விட்டால் பிழை. எட்டித் தட்டும் ஆசையில் கோட்டை விடுவது எங்கள் பெடியள்தான். ஆகவே புதுவிதி: கால் விலகினால் ஓடுகிற பக்கத்துக்கு ஒரு புள்ளி, ஆட்டம் நிற்காது. ஒடென்சே இனிப் புள்ளி அள்ளும் என்று கூட்டத்தில் விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் சங்கம் எதற்கும் ஒருமனதாகக் கை தட்டியதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இம்முறை போட்டியன்று மழை. விளையாட்டு மண்டபத்துக்குள் போனோம். தரையில் ஏற்கனவே இருந்த நிறநிறமான கோடுகளில் சிலவற்றை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

தொடக்கத்தில் ஒடென்சேக்குப் புள்ளிகள் விழுந்தன. நான் மார்பை நிமிர்த்தி நடந்தேன். பக்கம் மாறி மறிக்க வந்தபோது மச்சானின் ஆட்கள் மூச்சிரைத்து வாய் திறந்தபடி நின்றார்கள். களைத்தவனின் கால் கோட்டில் நிற்காது. பிழை அவர்கள் பக்கம் சேர்ந்தது, ஆட்டம் நிற்கவில்லை, இன்னும் களைத்தார்கள், இன்னும் பிழை. பெடியள் மான் போல ஓடினார்கள்.

அப்போதுதான் விளங்கியது. முன்பெல்லாம் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு பக்கமும் கூடி நின்று சண்டை பிடிக்கும். அந்த நேரத்தில் ஒடென்சேக்காரர் தண்ணீர் குடிப்பார்கள், சப்பாத்துக் கயிறு கட்டுவார்கள். அவர்களுடைய ஓய்வே அந்தச் சண்டைதான். அதைத்தான் நான் ஒழித்திருந்தேன்.

மச்சான் வரமாட்டார், மனைவி கதைக்கமாட்டாள், போட்டி முடிந்தது என்று மனதில் வரிசையாக ஓடியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே விசிலை ஊதினேன். நீளமாக.

எல்லோரும் நின்றார்கள்.

"ஏன் அங்கிள் ஊதினனீங்கள்?" என்றான் எங்கள் பெடியன் ஒருவன்.

தரையைப் பார்த்தேன். "கோடு" என்றேன்.

"எந்தக் கோடு?" மச்சான் மூச்சு வாங்கியபடி வந்தார்.

"மஞ்சள்."

"மஞ்சள் பட்மின்டன்ரை. எங்கட கோடு சிவப்பெல்லோ?"

"சிவப்பு கிளி ஓடுற கோடு அண்ணை" என்று தேநீரோடு நின்ற ஒருவர் உள்ளே வந்தார். "நீலம்தான் குறுக்குக் கோடு."

"நீலம் ஆர் சொன்னது? உம்மட கண்ணாடி எங்கை?" என்றார் மச்சான்.

பார்வையாளர் பாதிப்பேர் தரையில் இறங்கி ஆளுக்கொரு கோட்டைக் காலால் காட்டினார்கள். ஒடென்சேக்காரர் சுவரோடு சாய்ந்து இருந்து வடிவாகத் தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம் என்று சொல்லத்தக்க ஆட்டம். தோற்றார்கள்தான், ஆனால் கடைசி வரை எங்கள் பெடியள் வியர்த்தார்கள்.

மச்சான் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். "உன்ர புதுவிதியைத் தூக்கி எறி. எறிஞ்சா வருவம்."

திங்கட்கிழமை இங்கிலாந்துக்காரரிடம் அந்த "ஆனால்" என்ன என்று கேட்டேன். தண்டனைக்காக ஆட்டம் நிற்கும்போதுதான் களைத்த அணி மூச்சு வாங்கும் என்றார். நிற்காவிட்டால் பலமான அணி அடித்துக்கொண்டே போகும், முதலில் அடி வாங்குவது தன்னுடைய அணிதான் என்றார். நான் இன்னொரு பெட்டியைக் கட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் பழைய விதிக்கே போவோம் என்றேன். இம்முறை ஒருவரும் கை தட்டவில்லை. பழைய விதி உண்மையில் என்ன என்று தொடங்கி, சிவப்பா நீலமா என்பதில் வந்து நின்று, கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எல்லாரும் சண்டையோ?"

"ஓம்."

"அப்ப சரி, வாறம்."