ஓட்டம் தெரிய வேண்டும்

என் அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே கோபப்படுவார். உட்கார வைத்தால் அவருக்குப் பேச்சே வராது. அப்படிப்பட்ட மாமா லீவு போட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார் என்றால், காரணம் அவர் மகள்.

அவள் சினிமாவில் கதாநாயகிக்குப் பதிலாகக் குதிப்பவள். மாடி விட்டு மாடி தாண்டி விழுந்து எழுவது அவள். திரும்பி முகத்தைக் காட்டுவது கதாநாயகி. அவளுடைய அத்தைக்கு, அதாவது மாமாவின் அக்காவுக்கு, இந்தத் தொழில் வேப்பங்காய்.

"பொம்பளப் பிள்ளைய மாடி மாடியா குதிக்க விட்டுட்டு நீ டிக்கெட் கிழிச்சிட்டு இருக்கியா? எங்க வீட்டுப் பக்கம் யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

படக்குழு கொடுத்த, அவள் குதித்த படத்தின் குறுந்தட்டை மகள் அனுப்பி வைத்ததும் மாமா அத்தைக்கு போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை வாக்கா. பாத்துட்டு அப்புறம் திட்டு."

வீட்டில் இருந்ததோ நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். படம் மற்ற இடத்திலெல்லாம் ஒழுங்காக ஓடியது. அவள் ஓட ஆரம்பித்ததும் திரை பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. படத்தைச் சுருக்கி வைத்திருப்பார்கள், அதை விரித்துக் காட்ட டீகோடர் என்று ஒரு மென்பொருள் வேண்டும், இதில் இருப்பது பழசு என்று விளக்கினேன்.

"அப்ப நல்லதா ஒண்ணு போடு" என்றார், சோப்பு வாங்கி வரச் சொல்வதுபோல.

முதலில் போட்டதில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அடுத்ததில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை. மூன்றாவதுதான் அசல் சரக்கு. சுவரில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. அக்கா வாயைப் பிளந்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மாமா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஓடும்போது விட்டு விட்டு வருது மாப்ள."

உண்மைதான். அவ்வளவு துல்லியமாக விரிக்க அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு மூச்சு போதவில்லை. நடுநடுவே ஓட்டத்தை விழுங்கிவிட்டது. கூடுதல் மெருகு எதுவும் செய்யாத லேசான டீகோடர் ஒன்றைப் போட்டேன். ஓட்டம் தடங்கலில்லாமல் வந்தது. ஆனால் படம் மங்கல்.

"இதுதான்" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அத்தை குறை சொல்லணும்னே வராங்க. பளிச்சுன்னு காட்ட வேணாமா?"

"பளிச்சுன்னு காட்டுனா சுவரு தெரியும். இவ முகத்தத்தான் காட்ட மாட்டாங்களே மாப்ள. ஓட்டத்தப் பாத்துதான் இவதான்னு தெரியணும்."

அந்த லேசான டீகோடரையே விட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஓடுவது யார் என்று யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு மாமாவின் உத்தரவு. மொட்டை மாடியில் நீலச் சட்டை ஓடத் தொடங்கியது. முகமில்லை, முதுகுதான். வலது தோள் கொஞ்சம் முன்னே, இடது கை உடம்போடு ஒட்டி. அத்தை கையை அவிழ்த்தார்.

"டேய், இது நம்ம பிள்ள இல்ல?"

"ஆமாக்கா" என்றார் மாமா.

அவள் தாண்டினாள். எதிர் மாடியில் விழுந்து உருண்டு எழுகிற வரைக்கும் அத்தை நாற்காலிப் பிடியை விடவில்லை. எழுந்ததும் கதாநாயகி இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"யாரு இவ? நம்ம பிள்ள குதிச்சதுக்கு இவ ஏன் பல்லக் காட்டுறா?"

மாமா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் மகளைப் பற்றியும் பெருமை, அந்த மனிதரைப் பற்றி அதைவிடப் பெருமை. திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அத்தை எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் இது மாதிரியே ஓடுறாப்பல போட்டுக் குடு. அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிடப் போறேன்."