மொட்டைச்சாமியைப் பற்றி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம்

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தத்துவம் படித்தேன். விரும்பிச் சேர்ந்ததல்ல. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேறு எந்த வகுப்பிலும் இடம் கிடைக்கவில்லை. அதில் உலகச் சமயங்கள் என்று ஒரு தாள் உண்டு. பேராசிரியர் ஓரம் கிழிந்த குறிப்பேட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு சமயத்துக்கும் நிறுவியவர், நூல், கடவுள், வீடுபேறு என்று நான்கு தலைப்பு. பௌத்தம் ஒரு வாரத்தில் முடிந்தது. சமணத்துக்கு மூன்று நாள். மூன்றாம் நாள் அவருக்குச் சளி பிடித்து, வீடுபேறு பாதியிலேயே நின்றது. மனிதர்கள் எதற்காகக் கும்பிடுகிறார்கள் என்று அந்த வகுப்பில் ஒருவனும் கேட்டதில்லை. தேர்வில் அது வராது. இந்த அழகில் படித்துவிட்டு, சமயம் தெரிந்தவன் என்ற நினைப்போடு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். ஊருக்கு வெளியே ஒரு புன்செய்க் கொல்லையில் கருங்கல் சிலை ஒன்று இருந்தது. வழித்த தலை, நீண்ட காது, மடியில் வைத்த கைகள். மொட்டைச்சாமி என்பார்கள். உழவு தொடங்கும் முன் அதற்குக் கிடா வெட்டுவது வழக்கம். தலைமுறைகளாக ஒரு குடும்பம் பூசை செய்து, அதற்கு ஈடாக அந்தக் கொல்லையில் கடலை போட்டுப் பிழைத்துவந்தது.

அந்த வருடம் கிடா விழுந்ததும் நான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"இது சாமியே இல்ல. சமணர் சிலை. எறும்பு மிதிபடுமேன்னு பாதையக் கூட்டிக்கிட்டு நடந்தவங்க. அவங்க முன்னால போயி ஆட்ட வெட்டுறீங்க."

பூசாரி அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "அப்படிங்களா தம்பி. இத்தன வருசத்துல ஒரு தடவகூட வேணாமுன்னு சொல்லலையே" என்றார்.

"தம்பிக்கு எலை போட்ராதீங்கப்பா, சமணராப் போயிட்டாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் இலை போட்டார்கள். நான் இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஊர்த்தலைவரான அம்பலகாரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மொட்டைச்சாமி கொல்லைக்கு அடுத்த நிலம் அவருடையது. நாற்காலி போட்டு, காப்பி கொடுக்கச் சொன்னார். அதுவரை என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர்.

"நேத்து சொன்னதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் குடுத்ததுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அத அப்படியே எழுதிக் குடுங்க. ஊருக்கும் வெவரம் தெரியட்டும். படிப்ப முடிச்சிட்டு வாங்க, ஹைஸ்கூல் கமிட்டியில நான் சொல்றேன்."

இரண்டு பக்கம் எழுதினேன். பாதி ஆங்கிலம். நிறுவியவர், நூல் எல்லாம் வரிசையாக இருந்தன. 'கடவுள்: இல்லை' என்ற வரியை அடிக்கோடிட்டேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் கையெழுத்துக்குக் கீழே பி.ஏ. என்று போட்டுக்கொண்டேன்.

நான் திருச்சிக்குத் திரும்பிய பிறகு அம்பலகாரர் ஊர்க்கூட்டத்தில் அந்த ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறார். சாமியே இல்லையென்றால் சாமிக்குக் கொல்லை எதற்கு, பூசாரி எதற்கு. சிலையை வண்டிப்பாதை ஓரமாக நகர்த்திவிட்டு, கொல்லையைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டார். அண்ணன் இதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஊரில் மூடநம்பிக்கை ஒழிகிறது என்று விடுதியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பூசாரி விடுதி வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சாமிதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"உண்மைய எப்படி மாத்தி எழுதுறது பூசாரி?"

"மாத்த வேணாங்க. நீங்க எழுதுனது எனக்கும் புரியல, ஊர்லயும் யாருக்கும் புரியல. புரியாதத வச்சு எங் கொல்லயப் புடுங்கிட்டாங்க. புரியிற மாதிரி ஒரு வரி எழுதுங்க, அது போதும்."

மறுநாள் பரீட்சை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். பரீட்சை எதுவும் இல்லை. உண்மை, உண்மை என்று பேசினேனே, அதுவும் பசப்புத்தான். என் மனதில் இருந்தது ஹைஸ்கூல் வேலை. உலகச் சமயங்கள் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினேன். வேலையும் கிடைத்தது.

பூசாரி அதே கொல்லைக்குக் கூலியாகக் கடலை பிடுங்கப் போனார். போகும் வழியில் பாதையோரச் சிலைக்கு எண்ணெய் தடவிவிட்டுப் போவார். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் நான் அவரைப் பார்க்கக் கூசி, கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனேன்.

அறுபதுகளில் அம்பலகாரர் இறந்தார். கொல்லையைத் திருப்பிக் கொடுப்பதா என்று பேச ஊர்க்கூட்டம் கூடுவதாக இருந்தது. பூசாரி என் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்கு வேறு நிலம் இல்லை, மூன்று பெண்கள்.

"வெள்ளிக்கிழம கூட்டம் தம்பி. நீங்க எழுதுனது சிலையப் பத்தித்தான், கொல்லையப் பத்தி இல்லைன்னு உங்க வாயால சொன்னாப் போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

"வாரேன் பூசாரி."

"கட்டாயம் வரணும்."

"வாரேன்னு சொல்லிட்டேன்ல."

அம்பலகாரரின் மகன் அப்போது பள்ளிக் கமிட்டியில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை, திருவரங்குளத்தில் ஒரு கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே சிவன் கோயில் பிராகாரத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். எழுதினவரே வரவில்லை என்று கூட்டம் கலைந்ததாம். கொல்லை போனது போனதுதான்.

கல்யாணம் எப்படி என்று மனைவி கேட்டாள். சாப்பாடு பரவாயில்லை என்றேன்.