காப்பு கட்டிய தெரு

என் தம்பி வில்லியனூரில் மாரியம்மன் கோயில் தெருவில் பிறந்து, அதே தெருவில் கண் மூடினார். ஓராண்டு ஆகப்போகிறது. நான் ஓதியம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் அவருக்கு மூத்தவள் நான். நானே எழுதுகிறேன்.

சிறு வயதில் அப்பாவை இழந்து, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக் குடும்பத்தை நிமிர்த்தியவர் தம்பி. உரக்கப் பேச மாட்டார். பிறகு கம்பெனிகள் வந்தன. ஒடிசா, பீகார் ஆட்கள் வந்தார்கள். தெருவில் மாட்டுக் கொட்டகைகள் வாடகை அறைகளாயின. ரீசார்ஜ் கடையில் இந்தி போர்டு தொங்கியது. தம்பியும் பின்பக்கம் ஓர் அறை கட்டி, ஒடிசாக்காரி சுமித்ராவையும் அவள் புருஷனையும் கைக்குழந்தையோடு குடிவைத்தார்.

குழாயடியில் தொடங்கிய சண்டை வளர்ந்தது. வடநாட்டுக் குடித்தனங்கள் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று தெரு கூடிச் சொன்னது. மற்ற வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். தம்பி ஆட்டவில்லை. நானும் போய்ச் சொன்னேன்.

"அனுப்பிடுடா. இல்லன்னா உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"கைக்கொயந்தயோட எங்கக்கா போவாங்க?"

திரும்பி நடந்துவிட்டேன்.

வெள்ளி மாலை பத்துப் பதினைந்து பேர் அவர் வாசலில். ஒருவர் சுமித்ராவின் அடுப்பைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். தம்பி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாராம்:

"காலைல அம்மனுக்குக் காப்பு கட்டுனது யாரு?"

"நாங்கதான். அதுக்கின்னா இப்ப?"

"தமுக்கடிச்சி இன்னா சொன்னீங்க? காப்பு அவுக்குற வரைக்கும் தெருவுல இருக்கறவங்க வெளிய போயித் தங்கக்கூடாதுன்னு சொன்னீங்களா இல்லியா? இவங்களும் தெருவுலதான இருக்காங்க? அனுப்புறதுன்னா அனுப்புங்கப்பா. தெய்வக் குத்தம் உங்களோட."

கெடு வைத்தபோது ஆடிக் காப்பு ஒருவருக்கும் நினைவில் இல்லை. அடுப்பு உள்ளே போனது. கூழ் ஊற்றிய அன்று சுமித்ராவும் சொம்போடு வரிசையில் நின்றாள். அதன்பின் கெடுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் மட்டும் சொன்ன சொல்லில் நின்றேன், நான்கு வருடம்.

தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகி, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், போன ஆடியில் அந்த வாசப்படி ஏறினேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் பையை எடுத்தேன். சுமித்ரா கதவை மறித்து நின்றாள்.

"எங்க போறீங்க அத்த? மத்தியானம் காப்பு கட்டிட்டாங்க. போவக்கூடாது."

படுக்கையிலிருந்து தம்பி சிரித்தார். "மாட்னியாக்கா?"

பத்து நாள் அவரோடு இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். காப்பு அவிழ்த்த மறுநாள் போய்விட்டார்.

அவருக்குத் தோள் கொடுத்த தெருவாருக்கும், அன்று அடுப்பைத் தூக்கி வைத்து, பின்பு பாடையையும் தூக்கியவருக்கும், வந்த உறவுகளுக்கும் நன்றி. சுமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். நாளைக்குக் காப்பு கட்டுகிறார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டேன்.