வந்தவளுக்குக் காட்டிய சூடு

செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தை நான் வெறுத்தேன். அதைவிட அதிகமாக, யார் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லும் எங்கள் தமிழ்ச் சனத்தை வெறுத்தேன். வெப்பக் குழாய்கள் நாள் முழுக்கத் தட்டும். சூடு மட்டும் வராது. வீட்டுக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருந்தார், தொலைபேசியை எடுக்கமாட்டார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. குளிரோடு தொடங்கும் மூச்சிழுப்பு பனி கரைந்தால்தான் அவளை விடும்.

அந்த வருடம் நகரசபை ஒரு திட்டத்தோடு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆழமாகத் துளையிட்டு, நிலத்துக்குள் இருக்கும் சூட்டைக் குழாய்வழியே எடுத்துப் பழைய கட்டடங்களுக்குக் கொடுப்பதாம். மேலே முழங்கால்வரை பனி, கீழே சூடாம் என்று முதலில் சிரித்தேன். ஆனால் இயந்திரம் வந்து துளையிட்டு, பரிசோதனை சரி என்று பிரெஞ்சில் அறிவித்தலும் ஒட்டியபோது எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மிகக் குளிரான கட்டடங்களுக்குத்தான் முதலில் என்றார்கள். அளந்து பார்க்க ஒரு பெண் வீடு வீடாக வருவாள்.

கீழ்வீட்டு அண்ணை மாதா கோயில் சபையில் பெரிய ஆள். அந்தப் பெண் வரும் நாளைப் படியேறி எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான்.

"பிள்ளை, அண்டைக்கு வீட்டைக் கொஞ்சம் சூடாக்கி வையுங்கோ. பாவம், குளிருக்குள்ளால வாற ஆள்."

"அண்ணை, அவ குளிரை அளக்கத்தான் வாறா."

"ஓம், ஓம். அதுக்காக வந்த ஆளை நடுங்க விடுறதே? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நான் ஒவ்வொரு கதவாகத் தட்டி, அப்படிச் செய்யவேண்டாம் என்று கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, அன்று காலையிலேயே மின் அடுப்பில் கேக் சுடும் அடிப்பெட்டியை முழுச் சூட்டில் போட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள். படிக்கட்டெல்லாம் ரோல்ஸ் பொரித்த மணம். அந்தப் பெண் கீழ்வீட்டிலேயே கோட்டைக் கழற்றிவிட்டாள். வீட்டுக்கு வீடு தேநீர் குடித்து, முகம் சிவந்து என் வீட்டுக்கு வந்தவள், உள்ளே வந்ததும் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். மகள் இருமினாள். அந்தப் பெண் சூடு அளக்கும் கருவியைப் பார்த்தாள், பிறகு என் ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. கட்டடத்தில் போதிய சூடு இருக்கிறது, ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல் பழுது. குழாய் அடுத்த தெருவுக்குப் போனது. எங்களுக்கு ஒருவன் வந்து ஜன்னலுக்கு டேப் ஒட்டிவிட்டுப் போனான். அன்றைக்கும் மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டுவிடுவது என்று கீழே போனேன். அண்ணை கம்பளித் தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டு, அதற்கு மேல் ஒரு போர்வையும் போர்த்தபடி கதவைத் திறந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார்.

"பாவம், உங்கட வீடு மட்டும்தான் குளிராம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தேன்.

"வாங்கோ, இருங்கோ. பிள்ளைக்குக் குளிரப்போகுது" என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, குசினிக்குள் போய் மின் அடுப்பைப் போட்டு அடிப்பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.